சாக்ஸ் ஒட்டிப்போயிருந்தால் இழுக்காதீர்கள்

வெள்ளிராத்திரி:
தெருவில் தூங்குகிறவர்களுக்கு நாம் செய்யும் கால் கழுவும் ஊழியத்துக்கு முன்னுரை வேண்டாம், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13 எல்லாருக்கும் தெரியும். உறுத்திக்கொண்டே இருப்பது ஒரு பெரியவரின் இடது கால். மூன்று வாரமாக ஷூவைக் கழற்றவில்லை. கழற்றி வைத்தால் தூங்கி எழுவதற்குள் காணாமல் போய்விடுமாம். ஊழியத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் சாக்ஸைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். குதிகால் தோலும் கூடவே வந்துவிட்டது. பெரியவர் முனகக்கூட இல்லை. வெலவெலத்துப்போன தம்பியிடம், "பரவாயில்லப்பா, விடு" என்றார்.

அந்தச் சத்தமில்லாமைதான் ஆபத்து. வலிக்க வேண்டிய இடம் வலிக்கவில்லை என்றால் நரம்பு மரத்திருக்கிறது, பெரும்பாலும் சர்க்கரை நோய். சாக்ஸ் ஒட்டியிருந்தால் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரை மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். தளர்ந்த பிறகு விரல் பக்கம் நோக்கி மெதுவாகச் சுருட்டி எடுங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். "சூடு சரியா ஐயா?" என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை, மரத்த கால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. புண் திறந்திருந்தால் பேசினில் ஊற வைக்கவே வேண்டாம். சுத்தமான காஸ் துணியால் மூடி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். விரல் இடுக்குகளை ஒற்றித் துடைக்காமல் புது சாக்ஸ் மாட்டினால் கழுவியதே வீண்.

நர்ஸக்கா:
வெள்ளிராத்திரி, நல்ல பதிவு. ஆனால் எல்லா மரத்த காலும் சர்க்கரைக் கால் இல்லை. நாள்கணக்கில் ஈரத்திலேயே இருந்த கால் வெளுத்து, சுருங்கி, மெழுகு மாதிரி இருக்கும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சிப்பாய்களுக்கு வந்த அதே நோய், 'ட்ரெஞ்ச் ஃபுட்' என்பார்கள். இதற்குப் பனி உறைய வேண்டியதே இல்லை, 15 டிகிரியிலும் வரும். பாவம் என்று பிடித்துத் தேய்த்துவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் கெடுதல். தேய்க்காதீர்கள், நெருப்புப் பக்கம் காட்டாதீர்கள். உலர்த்தி, உயர்த்தி வைத்து, தானாகச் சூடேற விடுங்கள். சூடேறும்போது சிவந்து வீங்கி எரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஏதோ செய்துவிட்டீர்கள் என்று நினைப்பார்.

சாக்ஸ் ஒரு ஜோடி கொடுப்பது அரைகுறை உதவி. இரண்டு கொடுங்கள்: ஒன்று காலில், ஒன்று சட்டைக்குள் உடம்புச் சூட்டில் காய. பருத்தி வேண்டாம். நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்தது நல்லது.

கெட்டில்காரர்:
கால் வரைக்கும் போவதற்கு முன்னால் ஆளை எழுப்ப வேண்டுமே! அட்டைக்குள் சுருண்டிருந்த அம்மாவின் தோளை ஒருவர் அன்பாகத் தொட்டார். கண் திறப்பதற்கு முன்பே முஷ்டி வந்துவிட்டது, விரலிடுக்கில் சாவி. கோபமில்லை அது, பல ராத்திரிப் பழக்கம். பகலில் தூங்குகிறவர்களைச் சோம்பேறி என்று பேசுகிறவர்கள் கவனிக்க: ராத்திரி கண்ணயர்ந்தால் பை போகும், பெண் என்றால் அதைவிட மோசம்.

தலைப்பக்கம் போகாதீர்கள். கால்பக்கம், இரண்டு கை தூரம், குனிந்து. "சூடா சூப் இருக்கும்மா, இங்கேயே வச்சிட்டுப் போகட்டுமா?" போதும். பையை நகர்த்தி வைக்கவே கூடாது. பதிலே இல்லையென்றால் நெஞ்சைப் பாருங்கள். உதடு நீலம், தொண்டையில் கொரகொர, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவு என்றால் அது தூக்கமில்லை. உடனே ஆம்புலன்ஸ். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அது வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். போதை மருந்து சந்தேகம் என்றால், பழகியவர் கையில் நலோக்சோன் ஸ்பிரே (ஹெராயின் போன்ற ஓபியாய்டு மருந்தின் வேகத்தை முறிக்கும் மூக்கு ஸ்பிரே) இருந்தால் அடிக்கலாம்.

பழைய ஊழியன்:
மூன்று பேரும் நர்சிங் வகுப்பு எடுக்கிறீர்கள். வசனம் எங்கே? சாக்ஸ் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், நாம் போவது சுவிசேஷத்துக்கு.

கெட்டில்காரர்:
ஐயா, யாக்கோபு 2:16ம் வசனம்தான்: உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்காமல் "குளிர்காயுங்கள், பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பயன்? பின்னாளில் இரட்சணிய சேனை (Salvation Army) ஆன ஊழியத்தை 1865ல் லண்டனில் ஆரம்பித்த வில்லியம் பூத்தைவிட நமக்கு ஆத்தும பாரம் அதிகமா? அவரே 1890ல் வண்டிக்குதிரையைக் காட்டி எழுதினார்: குதிரை விழுந்தால் முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள், எதனால் விழுந்தது என்ற விசாரணையெல்லாம் அப்புறம். சாப்பாட்டு வரிசையில் நிற்பவரை ஜெபம் முடியும்வரை காக்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை. விசுவாசமாகாது, வாடகை வாங்குவது மாதிரி. "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சூப் அளவு குறையக் கூடாது.

சூப் என்றதும் ஒன்று: பாத்திரம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஆறிப்போய் இரண்டு மணி நேரமானால் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். கழிப்பறை இல்லாதவருக்கு வயிற்றுப்போக்கு என்ன கொடுமை என்று யோசியுங்கள். பல் இல்லாதவர்கள் அதிகம், கடிக்க வேண்டியது எதையும் பொட்டலத்தில் வைக்காதீர்கள்.

நர்ஸக்கா:
"குடிகாரன், விடு" என்று தாண்டிப் போன ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளறல், தள்ளாட்டம், எரிச்சல், எல்லாம் இருந்தது. ஆனால் குளிரில் நெற்றி முழுக்க வியர்வை, கை நடுக்கம். சர்க்கரை இறங்கியிருக்கிறது! விழுங்க முடிந்தால் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ்தான். சாராய வாடை வந்தாலும் இதைச் சந்தேகப்படுங்கள், குடித்துவிட்டுச் சாப்பிடாதவருக்கும் சர்க்கரை இறங்கும்.

வெள்ளிராத்திரி:
பழைய ஊழியன் அண்ணனுக்கு: அந்தப் பெரியவரின் வலது ஷூவுக்குள் நம் கைப்பிரதிகள் நாலைந்து, நாலாக மடித்து, அடித்தாளுக்குப் பதிலாக. பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் பளபளப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. அடுத்த தடவை சாதாரணத் தாளில் அடிக்கச் சொல்லுங்கள்.