எஞ்சினைக் கிளப்பினால் திரை அணைகிறது, வேகம் எடுத்தால் ஆழம் மறைகிறது: பழைய படகில் புதுக் கருவிகள்

புதுப்படகு:
வணக்கம். இது என் முதல் படகு. ஐந்தரை மீட்டர் நீள ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். என் கைக்கு வருமுன் இரண்டு பேரிடம் இருந்தது. ஜிபிஎஸ் வரைபடமும் எக்கோ சவுண்டரும் (ஒலியால் ஆழம் அளப்பது) ஒரே திரையில் வரும் கருவி ஒன்றை நானே பொருத்தினேன். அன்றிலிருந்து மூன்று தொல்லைகள்.

எஞ்சினைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. படகு நிற்கும்போது ஆழம் சரியாக வருகிறது. 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள். இதுவரை ஒழுங்காக இருந்த காந்தத் திசைகாட்டியும் இப்போது 20 பாகை தள்ளிக் காட்டுகிறது.

பேட்டரி ஒன்றுதான். இன்னொன்று வாங்கிவிடலாமா? தூண்டில் கோல் தாங்கிகள் நான்கு, கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒன்று என்று பட்டியலும் நீண்டுகொண்டிருக்கிறது. எதை முதலில் செய்வது?

செம்புக்கம்பி:
பணப்பையை மூடுங்கள், மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்த ஓரிரு நொடிகள் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பல திரைகள் அணைந்துவிடும். ஆனால் இறங்குவது பேட்டரியிலா, வழியிலா என்பதுதான் கேள்வி. மூன்று நிலைகளில் அளந்து பாருங்கள்: எஞ்சின் ஓய்வில் இருக்கும்போது, கிளப்பும்போது, ஓடும்போது. ஒவ்வொரு முறையும் பேட்டரி முனையிலும் திரையின் பின்புற இணைப்பிலும் அளக்க வேண்டும். திரை எரிந்துகொண்டிருக்கட்டும். அணைத்துவிட்டு அளந்தால் கம்பியின் குறை தெரியாது.

ஆழம்பார்:
திசைகாட்டி விஷயம் எளிது. திரைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? குறைந்தது அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். ஒலிபெருக்கியும் அதன் அருகே வரக்கூடாது. திசைகாட்டிக்கு அருகே போகும் நேர் (பிளஸ்), எதிர் (மைனஸ்) கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள்.

ஆழம் மறைவதற்குக் காரணம் பெரும்பாலும் குமிழ். டிரான்ஸ்டியூசரின் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பின்) முகத்துக்கு முன்னால் காற்றுக் குமிழ்கள் ஓடினால் ஒலி கீழே போகாது. அமரத்தில், அதாவது படகின் பின்புறத்தில், எந்தப் பக்கம் பொருத்தினீர்கள்? புரொப்பல்லரிலிருந்து எவ்வளவு தூரம்?

புதுப்படகு:
அளந்துவிட்டேன். ஓய்வில் பேட்டரியில் 12.6 வோல்ட். கிளப்பும்போது பேட்டரியில் 10.6, திரையில் 8.9. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1, திரையில் 12.4.

டிரான்ஸ்டியூசர் இடப்பக்கம், புரொப்பல்லரிலிருந்து ஒரு சாண். கை எட்டிய இடம் அதுதான். அதற்கு நேர் முன்னால் படகின் அடியில் நீளவாக்கில் ஒரு வரிமேடு ஓடுகிறது.

செம்புக்கம்பி:
உங்கள் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. பாருங்கள், இரண்டு முறையும் 1.7 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. கருவிகளுக்குப் போகும் கம்பியில் இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 0.4 வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இப்போது இரண்டாவது பேட்டரி வாங்கியிருந்தால் அதையும் இதே பழுதான கம்பியில்தான் இணைத்திருப்பீர்கள்.

நீளக் கம்பி ஒன்றைப் பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டி, அதன் மறுநுனியை மீட்டரின் ஒரு முனையோடு சேர்த்து, மீட்டரின் மறுமுனையைத் திரையின் மைனஸ் முனையில் வையுங்கள். அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எதிர்க் கம்பிதான். எல்லோரும் நேர்க் கம்பியையே சந்தேகிப்பார்கள்.

புதுப்படகு:
நீங்கள் சொன்னதுதான் நடந்தது. எதிர்ப்பக்கம் 1.5 வோல்ட். சுக்கான் சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். யாரோ இரண்டு கம்பிகளை வெறுமனே முறுக்கி, கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். நாடாவை உரித்ததும் பச்சைத் தூள் மடியில் கொட்டியது. பத்துப் பன்னிரண்டு இழைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன, மற்றவை விரல் பட்டதும் உதிர்ந்தன.

செம்புக்கம்பி:
ஒட்டுப் போடாதீர்கள், முழுக் கம்பியையும் மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்குங்கள். வெறும் செம்பில் உப்பு ஈரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். முனைகளைக் கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். திரைக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் நடுவழியில் கம்பி உரசிப் பற்றும்போது அது ஒன்றும் செய்யாது.

ஆழம்பார்:
டிரான்ஸ்டியூசரை வலப்பக்கம் மாற்றுங்கள். பொதுவான புரொப்பல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் ஓடும். வலப்பக்கம் இதழ் கீழ்நோக்கி இறங்குவதால் அங்கே கொந்தளிப்பு குறைவு. புரொப்பல்லரிலிருந்து 38 சென்டிமீட்டராவது தள்ளி, வரிமேட்டின் பின்னால் வராமல் இருக்கட்டும். ஃபைபர் படகில் அதன் முகம் அடிமட்டத்துக்குக் கீழே சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போதும்.

அமரம்:
ஒரு நிமிடம், துளை போடுமுன் நில்லுங்கள். பழைய படகுகளின் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரம் இருக்கும். திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், ஊறிய இடத்தில் மந்தமாகக் கேட்கும். இடப்பக்கத்துப் பழைய துளைகளை வெறும் சிலிக்கான் வைத்து மூடாதீர்கள். காயவிட்டு எப்பாக்சியால் நிரப்புங்கள். வலப்பக்கம் கடல்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பின்பலகையில் ஒட்டி, டிரான்ஸ்டியூசரை அதில் திருகுங்கள். நாளை நகர்த்த வேண்டியிருந்தாலும் துளை பலகையோடு நிற்கும்.

தூண்டில் தாங்கிகளுக்கு அவசரமே வேண்டாம். கிளாம்பால் தற்காலிகமாக மாட்டி நாலைந்து முறை போய் வாருங்கள். முழங்கை எங்கே இடிக்கிறது என்று கடலில்தான் தெரியும். நிரந்தரமாகப் பொருத்தும்போது விளிம்புக்கு அடியில் தடிமனான தகடு வையுங்கள். பெரிய மீன் இழுத்தால் திருகு மட்டும் தாங்காது.

விஎச்எஃப் தான் முதலில். கையடக்கத்தை வாங்குங்கள், தண்ணீரில் விழுந்தாலும் உடம்போடு இருக்கும். ஆனால் அது மட்டும் போதாது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் தொடுவானம் சுமார் 4 கிலோமீட்டர், நாலு மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 8. படகில் நிலையாகப் பொருத்தும் கருவியின் திறன் 25 வாட். அதற்கு ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் (படகின் ரேடியோ அடையாள எண்) பெற்று, ஜிபிஎஸ்ஸையும் இணைத்துவிட்டால் ஆபத்துக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தும்போது நீங்கள் யார், எங்கே என்பது சேனல் 70இல் தானாகப் போகும். பேச்சு சேனல் 16இல்.

புதுப்படகு:
இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. வழியில் இழப்பு இப்போது 0.2 வோல்ட். எஞ்சினைக் கிளப்பினால் திரை கண் சிமிட்டக்கூட இல்லை. 20 நாட் வேகத்திலும் ஆழம் வருகிறது. திசைகாட்டியைத் தள்ளி வைத்ததும் நேராகிவிட்டது. விஎச்எஃப்புக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தாங்கிகள் இன்னும் கிளாம்பில்தான்.

கடைசியாக ஒன்று. 30 மீட்டர் ஆழத்தில் திரையில் பிறை பிறையாக மீன் தெரிகிறது. உடனே தூண்டிலை இறக்கினால் ஒன்றும் கடிப்பதில்லை. கருவி பொய் சொல்கிறதா?

ஆழம்பார்:
பொய் இல்லை. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி 20 பாகைக் கூம்பாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டரில் அதன் விட்டம் பத்து மீட்டருக்கும் மேல். மீன் உங்களுக்கு நேர் கீழே இருக்கலாம், ஐந்து மீட்டர் தள்ளியும் இருக்கலாம். மேலும் திரையின் வலது ஓரம் மட்டுமே இந்த நொடி, இடப்பக்கம் தெரிவதெல்லாம் படகு கடந்துவிட்ட தண்ணீர். முழுப் பிறை உருவாகி நடுத்திரைக்கு வந்த பிறகு தூண்டிலை விட்டால் நீங்கள் எங்கோ, மீன் எங்கோ. அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு மேல்பக்கம் போய் எஞ்சினை நிறுத்தி மிதந்து வாருங்கள். ஈயக்குண்டு கூம்புக்குள் இருந்தால் அது இறங்குவதே திரையில் சாய்ந்த கோடாகத் தெரியும். கோடு தெரியவில்லை என்றால் தூண்டில் வேறெங்கோ போகிறது, ஈயத்தைக் கூட்டுங்கள்.