ஷோன்பெர்க் மூன்றாவது குவார்ட்டெட்: சுருதி பிடிபடவில்லை, உதவுங்கள்

இரண்டாம்_வயலின்:
வணக்கம். நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் சேர்ந்து ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) வாசிக்கிறோம். இதுவரை ஹைடன், பீத்தோவன்தான். இப்போது இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் மூன்றாவது குவார்ட்டெட்டை, ஓபஸ் 30-ஐ (1927) எடுத்திருக்கிறோம். ஆரம்பமே எனக்கும் வயோலாவுக்கும் நிற்காத ஓட்டம். முதல் ஐந்து நோட்: ஜி, இ, டி ஷார்ப், ஏ, சி. மூன்று வாரமாகியும் சரியாக வாசிக்கிறேனா என்றே தெரியவில்லை. ஹைடனில் விரல் பிசகினால் காது உடனே காட்டிக்கொடுக்கும். இங்கே எதுவுமே உறுத்தவில்லை, அதுதான் பயம். பன்னிரண்டு நோட்டையும் ஒவ்வொரு தரம் அடுக்கிய ஒரு வரிசையிலிருந்துதான் இந்த முழுப் படைப்பும் எழுகிறது. அந்த வரிசையை நேராக, பின்னிருந்து, தலைகீழாக என்று திருப்பி, வெவ்வேறு நோட்டில் தொடங்கினால் வரும் 48 வடிவங்களையும் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யட்டுமா?

வயோலாக்காரன்:
வேண்டாம், அட்டவணையை எடுத்து வையுங்கள். இதே குவார்ட்டெட்டை முதலில் மேடையேற்றிய வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ் இதன் வரிசையைக் கண்டுபிடித்து எழுதியபோது, இந்த மாதிரி ஆராய்ச்சி படைப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும், அது என்ன என்று சொல்லாது என 1932-இல் ஷோன்பெர்க்கே பதில் எழுதினார்.

உங்கள் வயலினையே கேளுங்கள். ஜி, இ, ஏ மூன்றும் உங்கள் ஓப்பன் ஸ்ட்ரிங்குகள், அதாவது விரல் வைக்காமலே ஒலிக்கும் கம்பிகள். அதே நோட்டை வேறு கம்பியிலோ வேறு ஸ்தாயியிலோ வாசிக்கும்போது விரல் சரியாக விழுந்தால் அந்த ஓப்பன் கம்பி தானே அதிரும். சி-க்கு உங்கள் குழு வயோலாக்காரரை அவருடைய அடிக்கம்பியை (அது சி) மீட்டச் சொல்லி ஒத்துப் பாருங்கள்.

மிச்சம் டி ஷார்ப். எனக்குத் தெரிந்து வழுக்குகிற இடம் அதுதான். ஹைடனை வாசித்துப் பழகிய விரல் அதை இ-யின் பக்கம் கொஞ்சம் ஏற்றியே வைக்கும், இ-க்குப் போய்ச் சேரப்போகிறது என்ற பழக்கத்தில். இங்கே அது இ-யிலிருந்து வந்து ஏ-க்குப் போகிறது. ஏற்றி வைத்தால் அடுத்த தாவல் கோணலாகிவிடும். மெதுவாக, ஐந்தையும் வாய்விட்டுப் பாடிய பிறகே வில்லை எடுங்கள்.

வியன்னா_ரசிகை:
நான் வாசிப்பவள் இல்லை, கேட்பவள். ஷோன்பெர்க் 1918-இல் வியன்னாவில் நடத்திய தனிக் கச்சேரிச் சங்கத்தில் விமர்சகர்களுக்கு இடமில்லை, கைதட்டலும் கூடாது. ஒரே படைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். நானும் ஷோன்பெர்க்கின் மாணவர் வேபெர்னின் குவார்ட்டெட்டை, ஓபஸ் 28-ஐ அப்படித்தான் பழகினேன், இரவில் இரண்டு தரம். அதன் வரிசை பி ஃபிளாட், ஏ, சி, பி என்று தொடங்கும். ஜெர்மனில் பி ஃபிளாட்டை B என்றும் பி-யை H என்றும் எழுதுவார்கள், அதனால் அது இசையமைப்பாளர் பாஃக்கின் (BACH) பெயர். அந்த நாலு நோட்டும் தானாகக் காதில் விழ ஒரு மாதம் ஆனது. விழுந்த அன்றைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம்_வயலின்:
நேற்றே முயன்றேன். டி ஷார்ப் ஏறித்தான் இருந்தது. விரலை ஒரு மயிரிழை பின்னால் வைத்து ஏ-க்குத் தாவினேன், ஓப்பன் ஏ அதிர்ந்தது. எங்கள் குழு வயோலாக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். முதல் பக்கத்தை ஆறு தரம் வாசித்தோம்.