முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவுக்குக் காப்பிப் பூ காட்டணும்

பெங்களூர் அல்சூரில் இருக்கோம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிற அம்மாவுக்கு 68 வயசு. காலமெல்லாம் கொட்டை வறுத்து அரைச்சவங்க, செடியைப் பார்த்ததே இல்லை. பூவைப் பார்க்கணுமாம். மழை விழுந்து எட்டு, பத்து நாளில் பூக்கும். மல்லிகை மாதிரி வெள்ளையா, ரெண்டு மூணு நாள்தான் நிற்கும். குடகில் நேத்து நல்ல மழை.

மடிக்கேரி பக்கம் மூணு தோட்டத்துக்குப் போன் பண்ணியாச்சு. ரெண்டில் சரிவில் ஒரு மணி நேரம் நடக்கணும். மூணாவதில் ஜீப் உண்டு, ஆனா கேட் வரைக்கும்தானாம். அதுக்கு எதுக்கு ஜீப்! சிக்மகளூரில் ஒருத்தர் முன்பணம் வாங்கிட்டு இப்போ போனே எடுக்கறதில்லை.

அம்மா சமதரையில் கோல் ஊன்றி பத்து நிமிஷம் நடப்பாங்க. படி ஏற முடியாது. ஏப்ரல் 10 ஊருக்கு டிக்கெட். கார் இருக்கு, ஒரு ராத்திரி தங்கவும் தயார்.

செடிப் பக்கம் வரைக்கும் வண்டியை விடுற தோட்டம் குடகிலோ சக்லேஷ்பூரிலோ எது?