வான்கூவர் 2010: ஒலிம்பிக் முடிந்த பிறகு ஊருக்கு என்ன மிஞ்சியது?

மாடவீதி (கேள்வி):
நகரத் திட்டமிடல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டியதில் உள்ளூர்க்காரர்கள் இன்றும் அன்றாடம் பயன்படுத்துவது எது, கையைக் கடிப்பது எது? வான்கூவரை எடுத்திருக்கிறேன். விழா அறிக்கைகளில் வரும் பொதுப்பேச்சு வேண்டாம். கட்டடமும் காசும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனித்தளம்:
வான்கூவருக்குப் பக்கத்து ஊரான ரிச்மண்டில் வேகச் சறுக்குப் போட்டி நடந்த அரங்கு, ரிச்மண்ட் ஓவல். அதில் தொடங்குங்கள். வேகச் சறுக்குக்கு 400 மீட்டர் சுற்று ஐஸ் வேண்டும். அதில் தினமும் சறுக்கப் பெரும்பாலான ஊர்களில் போதுமான ஆள் கிடையாது. முதலில் பர்னபியில், சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் கட்டுவதாக இருந்தது. 2004-ல் அது ரிச்மண்ட் நகராட்சியிடம் வந்தது. அவர்கள் முதலில் வரைந்தது ஊருக்கான விளையாட்டுக் கூடத்தை. ஒலிம்பிக் சறுக்குச் சுற்று அதற்குள் கொஞ்ச காலம் தங்கிப்போன விருந்தாளிதான். நடுவில் தூணே இல்லாத கூரை, வண்டி நிறுத்தம் ஐஸ் தளத்துக்குக் கீழே. அதனால் போட்டி முடிந்ததும் தளத்தைப் பிரிக்க முடிந்தது: ஒரு பக்கம் இரண்டு ஹாக்கி ஐஸ் தளங்கள், நடுவில் கூடைப்பந்து, பூப்பந்து ஆடும் தளங்கள், மறுபக்கம் ஓடுபாதை, மாடியில் உடற்பயிற்சிக் கூடம்.

இப்படிப் பிரிக்கும்போது சொதப்புவது பெரும்பாலும் ஈரப்பதம். ஐஸும் மரத்தளமும் ஒரே கூரைக்கடியில் இருந்தால், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் போதாதபோது ஐஸ் மேல் மூடுபனி நிற்கும், மரப்பலகை உப்பும். நேரே மண்மேல் போட்ட ஐஸ் தளத்தை வருடம் முழுக்க ஓட்டினால் இன்னொரு வம்பு: அடிமண்ணின் நீர் உறைந்து தளத்தையே மேலே தூக்கிவிடும். அதற்காகத்தான் வெப்பக்காப்புப் பலகைக்குக் கீழே வெதுவெதுப்பான கிளைக்கால் (எளிதில் உறையாத திரவம்) ஓடும் குழாய்களைப் பதிப்பார்கள். கட்டும்போது அதில் மிச்சம் பிடித்தால், பிறகு தளத்தை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கர்லிங் (ஐஸ் மேல் கல்லைச் சறுக்கவிடும் ஆட்டம்) நடந்த ஹில்கிரெஸ்ட் அரங்கையும் விடாதீர்கள். இப்போது அங்கே கர்லிங் சங்கம், ஐஸ் தளம், நூலகம், நீச்சல்குளம் எல்லாம் ஒரே வளாகம். ஐஸிலிருந்து உறிஞ்சும் சூட்டை இயந்திரம் எங்காவது கொட்டியே ஆக வேண்டும். இங்கே அது பக்கத்துக் குளத்தைச் சூடாக்கப் போகிறது. என் கணக்கில் வான்கூவரின் உருப்படியான ஏற்பாடு இதுதான், ஓவல்கூட இரண்டாவதுதான்.

வரவுசெலவு:
காசுப் பக்கம் நான் சொல்கிறேன். கூட்டாட்சி அரசும் மாகாண அரசும் சேர்ந்து 11 கோடி கனடிய டாலரை அறக்கட்டளை நிதியாக வைத்தன. அதன் வருமானம் ஓவல், மலைப் போட்டிகள் நடந்த ரிசார்ட் ஊரான விஸ்லரின் பாப்ஸ்லெட் (ஐஸ் பாதையில் சறுக்கும் வண்டி) பாதை, நார்டிக் பனிச்சறுக்கு மைதானம் ஆகியவற்றின் நடப்புச் செலவுக்கு. ஓவலுக்கு உறுப்பினர் கட்டணம், தள வாடகை என்று வேறு வரும்படியும் உண்டு. பாப்ஸ்லெட் பாதை அப்படியில்லை: 1,450 மீட்டர், 16 வளைவு, முழுக்க அம்மோனியாவால் குளிரூட்டுவது, வேறு எதற்கும் உதவாது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சறுக்கவிடும் கட்டணம் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே.

இங்கே ஒரு பொறி. இப்படிப்பட்ட நிதி வருடாந்தரத் துண்டை அடைக்கும். முப்பது வருடம் கழித்துக் குழாயையும் கம்ப்ரஸரையும் மாற்றும் செலவுக்குத் தாங்காது. 1988-ல் ஒலிம்பிக் நடத்திய கால்கரியிலும் நிதி வைத்திருந்தார்கள். ஆனாலும் புதுப்பிக்கப் பணம் சேராமல் 2019-ல் அங்கே பாப்ஸ்லெட் பாதையை மூடினார்கள். அதே ஊரில் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டிய ஓவல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தினமும் உள்ளே வர ஆள் இருப்பதால். டுரின் 2006-க்காகச் செசானாவில் போட்ட பாதை பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கட்டுரையில் ஒவ்வொரு அரங்குக்கும் மூன்று எண் தேடுங்கள்: மின்சாரமும் ஆள்கூலியும், உள்ளூர் வரும்படி, மாற்றுச் செலவுக்கான சேமிப்பு. மூன்றாவது இல்லாத இடத்தில் மற்ற இரண்டையும் நம்பாதீர்கள்.

மாடவீதி:
நன்றி. வீரர் குடியிருப்புகள்?

குடியிருப்பு:
இரண்டு குடியிருப்பு, இரண்டு விதி. விஸ்லரில் இருந்தது இப்போது சீக்கமஸ் கிராசிங். பெரும்பாலும் அந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கான வீடு. மறுவிற்பனை விலைக்கும் உச்சவரம்பு உண்டு. ரிசார்ட் ஊரில் அந்த வரம்பு இல்லாவிட்டால் இரண்டே கைமாற்றத்தில் எல்லாம் விடுமுறை வீடாகியிருக்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சூட்டை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ஹீட் பம்ப்பைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அதையும் எழுதுங்கள்.

வான்கூவர் ஃபால்ஸ் கிரீக்கில் கதை வேறு. கடன் கொடுத்த நிறுவனம் 2008 நிதி நெருக்கடியில் பின்வாங்க, நகராட்சியே பணம் போட வேண்டியதாயிற்று. 2010 கடைசியில் திட்டம், கடனை மீட்க நியமிக்கப்பட்ட பொறுப்பாளர் (receiver) கைக்குப் போனது.

கனடா லைன் ரயிலை ஒலிம்பிக் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 2009 ஆகஸ்டில் திறந்தார்கள், ஒலிம்பிக் அவசரம் உதவியது. பட்ஜெட் மட்டும் தனி. நன்மைப் பத்தியில் ரயிலைப் போட்டுவிட்டு, செலவுப் பத்தியில் விட்டுவிடும் அறிக்கைகள் நிறைய.