24 குழந்தைகள், ஒரு தொட்டித் தண்ணீர்: கையால் செய்து கற்கும் நேரத்தை எப்படி நடத்துவது?

மழலை_வகுப்பு (கேள்வி)

வணக்கம். மூன்றரை முதல் நாலரை வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். எனக்கு இது முதல் வருடம். 24 குழந்தைகள், என்னோடு ஓர் உதவியாளர்.

போன திங்கட்கிழமை, மிதப்பது எது மூழ்குவது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று வகுப்பின் நடுவில் பெரிய தொட்டியில் தண்ணீர் வைத்தேன். கப், புனல், ஸ்பாஞ்ச், மரத்துண்டு, கல், மூடி, சாவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பக்கத்தில் பரப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தரை முழுக்க ஈரம். ஒரே புனலுக்கு இரண்டு பேர் இழுத்ததில் ஒருவன் வழுக்கி விழுந்து முழங்கையில் அடி. இன்னொரு குழந்தை விரல் நனைந்ததுமே அழுதுகொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் தண்ணீரை அடித்து விளையாடினார்கள். மிதப்பதையும் மூழ்குவதையும் யாரும் கவனிக்கவே இல்லை.

மறுநாள் பயந்துபோய் ஒர்க்‌ஷீட் கொடுத்தேன். 'மிதக்கும் பொருளுக்கு வட்டம் போடு.' வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு சிறுமி மட்டும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "இந்தப் பந்து மிதக்கும்னு எப்படித் தெரியும்? போட்டுப் பாக்கலாமா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனை பேரை வைத்துக்கொண்டு இதை நடத்த முடியுமா? ஒரு நாளைக்கு எத்தனை செயல்பாடு வைக்கலாம்? தொட மறுக்கும் குழந்தையை என்ன செய்வது? "நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே" என்று கேட்கும் பெற்றோரிடம் என்ன சொல்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பலகை

முதலில் ஒன்று. அந்தச் சிறுமி தாளோடு எழுந்து வந்து கேட்டாள் என்றால், உங்கள் வகுப்பில் கேட்கலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறது. ஒரே வருடத்தில் அது எல்லோருக்கும் அமைந்துவிடாது.

19 வருடமாக இந்த வயதுக் குழந்தைகளோடு இருக்கிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: குறைவாக வையுங்கள், மெதுவாகச் செய்து காட்டுங்கள், பல நாள் அங்கேயே இருக்க விடுங்கள். திங்கட்கிழமை உங்கள் தொட்டியில் ஏழெட்டுப் பாடம் ஒரே நேரத்தில் நடந்தது. அதில் எதைப் பார்ப்பது என்று குழந்தைக்குத் தெரியவில்லை.

நான் தண்ணீரை எப்போதும் ஸ்பாஞ்சிலிருந்து தொடங்குவேன். ஒரு தட்டு, இரண்டு கிண்ணம், கைக்குள் அடங்கும் ஒரு ஸ்பாஞ்ச், மடித்த ஒரு துணி. இடது கிண்ணத்தில் அரை கப் தண்ணீர், அவ்வளவுதான். முழுவதும் கொட்டினாலும் அந்த ஒரு துணியில் துடைத்துவிடலாம். நான்கு குழந்தைகளை உட்காரவைத்து, வாய் பேசாமல் செய்து காட்டுவேன். ஸ்பாஞ்சை மெல்ல இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, குமிழ் வருவது நிற்கும்வரை காத்திருப்பேன். தூக்கியதும் சொட்டும். அப்படியே கையை அசைக்காமல் வைத்திருப்பேன். கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் அடுத்த கிண்ணத்துக்குக் கொண்டுபோய்ப் பிழிவேன். அந்தக் கடைசிச் சொட்டுக்காக நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். பேசினால் குழந்தையின் கண் நம் வாய்க்கும் கைக்குமாக அலைபாயும். கை செய்வதை அது தவறவிட்டுவிடும்.

கடைசியாகத் துணியால் தட்டைத் துடைத்துக் காட்டுங்கள். துடைப்பதும் செயல்பாட்டில் சேர்த்திதான், வேலை முடிந்த பிறகு கொடுக்கும் தண்டனை அல்ல. என் அனுபவத்தில் பல குழந்தைகளுக்குத் துடைப்பதுதான் அதிகம் பிடிக்கிறது.

24 பேருக்கு என்ன செய்வது? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் வையுங்கள்: கட்டைகள், பொத்தான் போடும் துணி, களிமண், துணி கிளிப்பை அட்டை ஓரத்தில் மாட்டுவது. தாங்களே எடுத்து, செய்து, எடுத்த இடத்தில் திரும்ப வைக்கும் பழக்கம் அதற்குள் வந்துவிடும். அதன் பிறகு புதியதாக ஒன்றே ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதுவும் நாலு பேருக்கு. மற்ற 20 பேரும் தெரிந்த வேலையில் இருப்பார்கள். உதவியாளர் அவர்களைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் தண்ணீர்ப் பக்கம் இருங்கள். நாளைக்கும் இது இங்கேயே இருக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் பிடுங்க மாட்டான். உங்கள் புனல் சண்டை வந்தது, அது இன்று மட்டும்தான் கிடைக்கும் என்று இருவருக்கும் தோன்றியதால்.

'பல நாள் இருக்க விடுங்கள்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். அவள் கவனம் கலைகிறதா என்று பார்க்க, மாண்டிசோரி சுற்றி மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள். நாமோ மூன்றாவது தடவையிலேயே "சரி, அடுத்தது" என்று சொல்லிவிடுகிறோம்.

மிதப்பது மூழ்குவதற்கு வருவோம். ஏழெட்டுப் பொருள் வேண்டாம், களிமண் மட்டும் போதும். உருண்டையாகப் பிடித்துப் போடச் சொல்லுங்கள், மூழ்கும். அதே உருண்டையை வெளியே எடுத்து, துடைத்து, தட்டி, ஓரத்தை உயர்த்திக் கிண்ணம் மாதிரி செய்து மெல்ல விடச் சொல்லுங்கள், மிதக்கும். அதே மண், அதே எடை. 'கனமானது மூழ்கும்' என்ற முடிவில் இருந்த குழந்தை இந்த இடத்தில் நின்றுவிடும். கிண்ணம் அதிகத் தண்ணீரை விலக்குவதால் மிதக்கிறது என்று இந்த வயதில் விளக்கவே வேண்டாம். "இப்ப என்ன மாறிச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "வாய் திறந்துச்சு" என்றான் என் வகுப்பில் ஒருவன். அதைவிட நல்ல பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பிசைந்து வைத்த மண்ணைத் தண்ணீரில் நிறைய நேரம் போட்டால் கரையும். எண்ணெய் கலந்த மாடலிங் களிமண் என்றால் கரையாது.

ஊற்றும் விளையாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். ஒன்றை ஒல்லியான உயரமான பாத்திரத்தில் குழந்தையின் கண்முன் ஊற்றினால், நாலு வயதில் பெரும்பாலும் உயரமானதைக் காட்டி "இதில்தான் அதிகம்" என்பார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே எழுதிவைத்த விஷயம் இது. ஆறேழு வயது வாக்கில்தான் தெளிவு வரும். திருத்தாதீர்கள். நிறைய ஊற்றட்டும், அவ்வளவுதான் நம் வேலை.

பட்டறைக்காரன்

நான் ஆசிரியர் இல்லை, மரவேலை செய்பவன். என் மகள் படிக்கும் வகுப்புக்குக் கட்டைகள் செய்துகொடுத்தேன். அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

கட்டைகள் கண்டபடி அளவில் இருந்தால் குழந்தைகள் அடுக்குவார்கள், ஆனால் ஒன்றும் பிடிபடாது. அமெரிக்காவில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை வடிவமைத்த யூனிட் கட்டைகளில் தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். அடிப்படைக் கட்டை 1⅜ அங்குலத் தடிமன், 2¾ அகலம், 5½ நீளம். அதில் பாதி, இரட்டிப்பு, நாலு மடங்கு என்று மற்றவை. இரண்டு பாதியை ஒட்டிவைத்தால் ஒரு முழுக்கட்டைக்குச் சரியாக நிற்கும். பாலத்துக்கு நீளக் கட்டை தீர்ந்துபோனபோது, என் மகள் இரண்டு கட்டையை வரிசையாக வைத்து அளந்து பார்த்துவிட்டு, "இதுவும் அதுதான்" என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அந்தச் 'சரியாக நிற்பது' போய்விடும், உயர அடுக்கும்போது கோபுரமும் சாயும். ஆகவே கட்டை செய்யக் கொடுத்தால் அளவு முக்கியம் என்று அழுத்திச் சொல்லுங்கள். விளிம்புகளை லேசாக உருட்டி, உப்புத்தாள் போட்டு, சிலாம்பு இல்லாமல் இருக்கிறதா என்று நைலான் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலாம்பு இருந்தால் துணி சிக்கும். வார்னிஷ் கட்டாயமில்லை. என்னைக் கேட்டால் வெறும் மரத்தின் தொடுகைதான் நல்லது.

விரல்நுனி

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்யச் சிரமப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளர். மேசைக்கடியில் போன குழந்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவன் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைக்காதீர்கள், "ஒன்றும் செய்யாது பார்" என்று அன்பாகச் சொல்லியும்கூட. சில குழந்தைகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு உறைக்கும். முதலில் காய்ந்த பொருள்: மணல், துணி, மரம். அப்புறம் கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கருவி: கரண்டி, இடுக்கி, நீளக் கைப்பிடி வைத்த பிரஷ். பக்கத்திலேயே உலர்ந்த துண்டு இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாலும் சரி, அவன் அங்கே இருக்கிறான். சாப்பாடு, உடை, தலை வாருவது எல்லாவற்றிலும் இதே தவிப்பு இருந்தால் வீட்டில் பேசி நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. டாய்லெட் பேப்பர் சுருளின் உள் அட்டைக்குழாய்க்குள் நுழைந்துவிடும் எந்தப் பொருளும், இன்னும் வாயில் வைக்கும் பழக்கமுள்ள குழந்தையிடம் போகக் கூடாது. பட்டன் பேட்டரியும் சின்னக் காந்தங்களும் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயையோ குடலையோ துளைத்துவிடும். தொட்டித் தண்ணீரை வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். சில செ.மீ. ஆழம்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

மணல்_எழுத்து

பழைய_பலகை அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். முழுக்கப் பேசாமல் செய்து காட்டுவது என் வகுப்பில் சரிவரவில்லை. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள் எனக்கு அதிகம். அவர்களுக்குச் சொல்லும் வேண்டும். அதனால் முதல் தடவை மௌனமாக, இரண்டாம் தடவை 'பிழி', 'ஊற்று', 'நிரம்பியது' என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரே ஒரு சொல். இது நன்றாக ஒட்டுகிறது.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டைக் காட்ட முடியாதபோது விரலைக் காட்டுங்கள். துணி கிளிப்பை அழுத்தும் மூன்று விரல்கள்தான் நாளை பென்சிலைப் பிடிக்கப்போகிறவை. அவர்களையே ஒரு நாள் உட்காரவைத்து, குழந்தையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்தபோது ஒரு தகப்பனார், மகன் குவளையிலிருந்து சிந்தாமல் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்து போகவில்லை.

எண்ணுவதையும் அவர்களுக்குக் காட்டலாம். 'ஒன்று, இரண்டு' என்று இருபது வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் ஐந்து கட்டைகளை எண்ணச் சொல்லிவிட்டு, "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பலர் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதற்கு ஒர்க்‌ஷீட் உதவாது. அறையின் அந்த மூலையில் கட்டைகளை வைத்து, "எனக்கு மூன்று கொண்டு வா" என்று அனுப்புங்கள். நடந்து போகும்போது அந்த மூன்றை மனதில் சுமந்துகொண்டு போக வேண்டும், அதுதான் பயிற்சி.

எழுத்துக்கு மணல் தட்டு. 'அ'வில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ட, ப இரண்டும் நேர்கோடுகள், விரலுக்குச் சுலபம். அப்புறம் ம. சுழியும் வளைவும் உள்ள அ, இ எல்லாம் விரல் பழகிய பிறகு வரட்டும்.

மழலை_வகுப்பு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதல் இரண்டு வாரம் பழகிய பொருட்கள் மட்டும். பொறுமையாக இருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வாரம் ஸ்பாஞ்ச் தட்டு. அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தி 11 தடவை செய்தாள். நடுவில் மணி அடித்தது, நான் அவளைக் கூப்பிடவில்லை.

ஒர்க்‌ஷீட்டோடு வந்த சிறுமிக்குக் களிமண் கொடுத்தேன். உருண்டை மூழ்கியது. கிண்ணம் செய்தாள், ஒரு பக்க ஓரம் தாழ்வாக இருந்ததால் தண்ணீர் உள்ளே வந்து மூழ்கியது. எடுத்தாள், ஓரத்தை உயர்த்தினாள், மிதந்தது. பிறகு அதே கிண்ணத்துக்குள் ஒரு சிறிய உருண்டை மண்ணை வைத்தாள். "இது மட்டும் போட்டா முழுகும், இதுக்குள்ள இருந்தா முழுகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது எனக்குத் தோன்றாத சோதனை.

தண்ணீருக்குப் பயந்த பையன் இன்னும் கையை நனைக்கவில்லை. ஆனால் இடுக்கியால் ஸ்பாஞ்சைப் பிடித்துத் தூக்குகிறான். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொள்கிறான்.

திங்கட்கிழமை மணல் தட்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். மணலை எவ்வளவு தடிமனாகப் பரப்புவது?

மணல்_எழுத்து

அரை செ.மீ.க்கும் குறைவாக. அதிகமானால் விரல் போன இடத்தில் மணல் சரிந்து கோட்டை மூடிவிடும். தட்டின் அடியில் அடர்நீலக் காகிதம் ஒட்டுங்கள், எழுத்து பளிச்சென்று தெரியும். மணலைச் சலித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து எடுங்கள், ஈரம் இருந்தால் கட்டிகட்டியாகும். அழிப்பதற்குத் தட்டை லேசாக ஆட்டினால் போதும் என்பதையும் முதல் நாளே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கையால் தேய்ப்பார்கள், பாதி மணல் தரையில்தான் இருக்கும்.