எஸ்எம்எஸ்ஸில் நூலக உதவி: யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கல்லூரி நூலகத்தில் இருக்கறவங்க உதவணும். மாணவர் கேள்விகளுக்கு எஸ்எம்எஸ்ஸில் பதில் தர ஏற்பாடு நடக்குது.

பெரிய சிக்கல் நீளம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். 'கி' (க + ி) ரெண்டாகக் கணக்காகும். ஆங்கிலப் பதிலில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிடும். 70-ஐத் தாண்டினா செய்தி துண்டு துண்டாகும், துண்டுக்கு 67 தான். அதனால 894.811 மாதிரி, புத்தகம் அலமாரியில் எங்கே இருக்குன்னு காட்டற அடுக்கு எண்ணைத் தனிச் செய்தியாக அனுப்பறது நல்லது.

கேட்வே (மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பற சேவை) வழியாப் போனா, டிஎல்டியில் (தொலைபேசி நிறுவனங்களோட பதிவுத் தளம்) முன்கூட்டியே பதிவான வார்ப்புரு, அதாவது மாதிரிச் செய்திதான் செல்லும். புத்தகம் திருப்ப நினைவூட்ட அது போதும்; தேடல் கேள்விக்கு ஒவ்வொரு பதிலும் புதுசு, தடுக்கப்படும். ஆகவே பதில் அனுப்பத் தனி சிம்.

"நொய்யல் பத்தி புத்தகம் இருக்குங்களா?"ன்னு வரும். உண்மையில் வேணுங்கறது சாயக்கழிவு பத்தின ஆய்வேடாக இருக்கலாம்; அதுக்கு சோத்கங்காவை (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளோட இணையக் களஞ்சியம்) காட்டணும். எந்தப் பாடம், எப்போ வேணும்னு ஒரே எதிர்க்கேள்வியில் கேட்டாகணும். நாலஞ்சு தடவை கேட்டா மாணவர் போயிடுவாங்க.

கேட்கறது மூணுங்க: அந்த எதிர்க்கேள்வியை 70 எழுத்துக்குள் எப்படி எழுதறீங்க? ஷிஃப்ட் மாறும்போது பாதியில் நிக்கற கேள்வியை எதில் குறிக்கறீங்க? மாணவர் எண்களை எத்தனை நாளில் அழிக்கறீங்க?