சூப்பர் மரியோ பிரதர்ஸ் மறுபடி: தாவல் தாமதம் (புதுப்பிப்பு)

போன பதிவில் கேட்டது இதுதான்: 1985 கேட்ரிட்ஜை (கேம் இருக்கும் டப்பா) அசல் என்இஎஸ்-ல் (நின்டெண்டோவின் பழைய கேம் கருவி) போட்டு, புது எல்சிடி டிவியில் ஆடினால் மரியோ ஏன் தாமதமாகத் தாவுகிறான்? கேமின் கடைசிப் பகுதியான உலகம் 8-ஐ எப்படித் தாண்டுவது?

தாமதத்துக்குக் காரணம் டிவிதான். என்இஎஸ் அனுப்புவது 240பி, அதாவது 240 கோடுகளையும் ஒரே வீச்சில் வரையும் படம். பல டிவிகள் அதை 480ஐ (ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகளை இரண்டு வீச்சில் வரையும் படம்) என்று எடுத்துக்கொண்டு, இல்லாத இடைக்கோடுகளைச் சரிசெய்யப் பார்க்கும். அந்த வேலைக்குச் சில ஃபிரேம்கள் (திரையில் வரும் தனித்தனிப் படங்கள்) போய்விடும். ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி. முதலில் டிவி செட்டிங்கில் கேம் மோடை (படத்தைத் திருத்தும் வேலையைக் குறைக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். குறையவில்லையென்றால் 240பி-யைச் சரியாகப் புரிந்துகொள்ளும் அப்ஸ்கேலர் (படத்தைப் புது டிவிக்கு ஏற்பப் பெரிதாக்கும் கருவி) வேண்டும். மலிவான ஏவி-எச்டிஎம்ஐ டப்பாக்கள் பெரும்பாலும் இதே தவறைத்தான் செய்யும், காசு தண்டம். பழைய டியூப் டிவி கிடைத்தால் பிரச்சினையே இல்லை.

திரை நொடிக்கொரு முறை சிமிட்டினால் அது வேறு கதை. கேட்ரிட்ஜ் செருகும் 72 பின் கனெக்டர் சரியாகத் தொடாததால் லாக்-அவுட் சிப் (அனுமதியில்லாத கேட்ரிட்ஜைத் தடுக்கும் சிப்) ரீசெட் அடிக்கிறது. பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு கேட்ரிட்ஜ் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் பின்னை அரிக்கும்.

உலகம் 8-ல் நடுவழிச் சோதனைப்புள்ளி கிடையாது. செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கம்தான். கேம் ஓவர் ஆனாலும் பவரை அணைக்காமல், தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் தட்டினால் 8-1-லிருந்து (உலகம் 8-ன் முதல் கட்டம்) தொடரலாம். அதற்குமுன் 3-1 முடிவுப் படிக்கட்டில் ஆமை ஓட்டை மிதித்து மிதித்து உயிர் சேர்ப்பது நல்லது. 127-ஐத் தாண்ட விடாதீர்கள்: எண்ணிக்கை எதிர்மறையாகி அடுத்த சாவே கேம் ஓவர்.